எழுவாய் மறைந்த வாக்கியங்கள்: போராட்டச் செய்திகள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டிய முதனிலைகள் எட்டு எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலிலே கூறுகின்றார். வினை, அதனைச் செய்வோன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி என்னும் ஆறுடன், யாருக்காகச் செய்யப்பட்டது, என்ன பயன் கருதிச் செய்யப்பட்டது என்னும் இரண்டும் சேர்ந்து எட்டாகின்றன. இவ்வெட்டும் எல்லா வாக்கியங்களிலும் வெளிப்பட நிற்றல் வேண்டும் என்ற நியதி இல்லை. வழக்கிலே சில விடுபட்டு வருவதும் உண்டு என அடுத்த சூத்திரத்திலேயே அவர் அமைதி கூறிவிடுகின்றார்.

விடுபடுவன எவை என்பதை இலக்கண ஆசிரியர் வழக்குக்கு விட்டுவிட்டார். நமது பத்திரிகைகள் பொதுமக்களின் போராட்டங்களைப் பற்றி எழுதும்போது விடுபடுவன எவை என்று நோக்கினால், அவை தற்செயலாக விடுபடுவன அல்ல என்பது புலனாகும். பெரும்பாலும் மூன்று விடுபடுகின்றன. பலாத்காரம் அதிகாரத்தின் பக்கத்திலிருந்து வரும்போது அதனைச் செய்தோன் விடுபடுகின்றான். போராட்டம் யாருக்காக என்பது விடுபடுகின்றது. எப்பயன் கருதி என்பதும் விடுபடுகின்றது. இடமும் காலமும் கருவியும் மாத்திரம் என்றும் விடுபடுவதில்லை. எந்தச் சந்தி, எத்தனை மணி, தடியா கல்லா என்பன ஒழுங்காக அச்சேறிவிடுகின்றன. இவ்விடுபாடுகளின் தன்மையையும் அவற்றால் விளையும் கேட்டினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்திரிகைகளின் பக்கச்சார்பு பற்றிப் பேச்செழும்போது, உரிமையாளர் யார் என்ற வினாவே முதலில் எழுகின்றது. அது நியாயமான வினாவே. டி. ஆர். விஜேவர்த்தன நிறுவிய லேக் ஹவுஸ் 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அரசின் கைக்கு மாறியது. அதன் பின்னர் ஆட்சிகள் மாறுந்தோறும் அந்நிறுவனத்துத் தாள்களின் குரலும் மாறிவந்துள்ளது. தனியார் நிறுவனங்களும் வர்த்தக நலன்களுக்கும் விளம்பர வருவாய்க்கும் கட்டுப்பட்டவையே. எனினும் உரிமையைக் கொண்டு மாத்திரம் விளக்க முற்படுவோமாயின், பொய் கூறும் பத்திரிகை என்றும் உண்மை கூறும் பத்திரிகை என்றும் இரு கூறாகப் பிரித்துவிட்டு அமைதியடைந்துவிடுவோம். பக்கச்சார்பு பொய்யிலே தங்கியிருப்பதாகக் கொள்வது தவறு. ஒவ்வொரு சொல்லும் உண்மையாயிருக்க, செய்தி முழுவதும் கோணலாயிருத்தல் கூடும். நமக்கு வேண்டிய, நாம் விரும்பிப் படிக்கும் பத்திரிகைகளிலும் இக்கோணல் உண்டு.

நாளாந்தம் காணக்கூடிய முறையிலே இரண்டு வாக்கியங்களை அமைத்துப் பார்ப்போம். "ஆர்ப்பாட்டக்காரர்கள் வீதித்தடைகளை உடைத்தெறிந்தனர்." "நிலைமையைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் பொருட்டுக் கண்ணீர்ப்புகைப் பிரயோகம் மேற்கொள்ளப்பட்டது." முதலாவது செய்வினை வாக்கியம். எழுவாய் தலையிலே நிற்கின்றது. உடைத்தவர் யாரென்பதில் ஐயமில்லை. இரண்டாவது செயப்பாட்டுவினை. மேற்கொண்டவர் யாரென்று வாக்கியம் கூறவில்லை. கூறவேண்டிய அவசியமும் இல்லாததுபோல அது அமைந்துள்ளது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதொரு வாக்கியம் வரும்: "அப்பகுதியில் பதற்றநிலை ஏற்பட்டது." மழை பெய்தது, பொழுது விடிந்தது என்பனபோலப் பதற்றமும் தானாகவே ஏற்பட்டுவிடுகின்றது. மனிதர் செய்த ஒன்று இயற்கை நிகழ்ச்சியாகி, பொறுப்பேற்பார் எவருமின்றிப் போய்விடுகின்றது.

இதனிலும் நுட்பமானது 'பொருட்டு' என்னும் சொல்லின் ஆட்சி. நிலைமையைக் கட்டுப்படுத்தும் பொருட்டு, கூட்டத்தைக் கலைக்கும் பொருட்டு, பொதுச் சொத்தைப் பாதுகாக்கும் பொருட்டு என்று பொலிசாரின் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு நோக்கம் கூறப்படுகின்றது. தடையை உடைத்தவர்கள் எதன் பொருட்டு உடைத்தனர் என்பது அதே வாக்கியத்தில் வருவதில்லை. வந்தாலும் செய்தியின் கடைசிப் பந்தியில், இடம் போதாவிட்டால் வெட்டிவிடக்கூடிய இடத்தில் வருகின்றது. நோக்கம் என்பது பகுத்தறிவின் அடையாளம். ஒரு தரப்புக்கு நோக்கத்தைக் கொடுத்து மறு தரப்புக்குச் செயலை மாத்திரம் கொடுக்கும்போது, ஒரு தரப்பு சிந்திப்பதாகவும் மறு தரப்பு வெறுமனே பாய்வதாகவும் வாசகர் மனத்தில் பதிகின்றது. பெயர்களிலும் இதே நிலையைக் காணலாம். ஆசிரியரும் தாதியும் விவசாயியும் வீதியில் இறங்கியவுடன் தத்தம் தொழிலை இழந்து 'ஆர்ப்பாட்டக்காரர்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றனர். பொலிஸ் அதிகாரியின் பதவி மாத்திரம் பிழையின்றி அச்சாகின்றது.

இந்நிலை நமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. வெகுசனத் தொடர்புத் துறையிலே பெரிதும் ஆராயப்பட்ட இரண்டு நிகழ்ச்சிகள் பிரித்தானியாவைச் சேர்ந்தவை. 1968 ஒக்ரோபர் 27 ஆம் திகதி வியட்நாம் யுத்தத்துக்கு எதிராக இலண்டனில் பெரும் ஊர்வலம் ஒன்று நடைபெற்றது. அதற்கு முந்திய வாரங்களிலே பத்திரிகைகள் பெருங்கலகம் மூளப்போவதாக எழுதிவந்தன. ஊர்வலத்தின் மிகப் பெரும்பகுதி அமைதியாகவே நடந்து முடிந்தது. குறோவனர் சதுக்கத்தில் ஒரு பகுதியினருக்கும் பொலிசாருக்கும் இடையிலேதான் மோதல் நிகழ்ந்தது. மறுநாட் செய்திகளின் நடுநாயகமாக அமைந்தது அச்சிறு பகுதியே. லெஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹலோரன், எலியற், மேடொக் ஆகிய மூவரும் இதனை ஆராய்ந்து 1970 இல் ஒரு நூல் வெளியிட்டனர். கலகம் என்னும் சட்டகம் முன்கூட்டியே அமைக்கப்பட்டுவிட்டதால், நடந்தவற்றுள் அச்சட்டகத்துக்குப் பொருந்தியதே செய்தியாயிற்று என்பது அவர்தம் முடிபுகளின் சாரம். ஊர்வலத்தினர் பேச விரும்பியது வியட்நாமைப் பற்றி. பத்திரிகைகள் பேசியது ஊர்வலத்தினரின் ஒழுக்கத்தைப் பற்றி. எப்பயன் கருதி என்ற முதனிலை அங்கே விடுபட்டுப்போயிற்று.

மற்றையது 1984 யூன் 18 ஆம் திகதி தென் யோர்க்‌ஷயரில் ஓர்கிறீவ் என்னுமிடத்தில் நிகழ்ந்தது. வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் மீது குதிரைப் பொலிசார் பாய்ந்தனர், கல்லெறியும் நிகழ்ந்தது. அன்று மாலை பி.பி.சி. தொலைக்காட்சிச் செய்தியிலே முதலில் கல்லெறியும் அதன்பின் குதிரைப்படையின் பாய்ச்சலும் காட்டப்பட்டன. காட்சிகளின் ஒழுங்கு மாறிவிட்டது என்றும் அது அவசரத்தில் நேர்ந்த தவறு என்றும் அந்நிறுவனம் பின்னர் கூறியது. அன்று நடந்தவை தொடர்பாக 95 பேர் மீது குற்றஞ் சாட்டப்பட்டது. 1985 இல் வழக்கு நிலைநிற்காது சரிந்தது. 1991 இல் தொழிலாளர் 39 பேருக்குப் பொலிஸ் தரப்பு 4,25,000 பவுண் நட்டஈடு செலுத்தியது. இதுபற்றிப் பொது விசாரணை ஒன்று நடத்தப்படும் என அந்நாட்டு அரசு அறிவித்தது 2025 யூலையிலேயாம். நாற்பத்தொரு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்த இரண்டு காட்சிகளில் எதுவும் பொய்யன்று. கல் எறியப்பட்டதும் உண்மை. குதிரைகள் பாய்ந்ததும் உண்மை. தமிழிலே கூறுவதாயின், 'கல்லெறிந்ததனால் குதிரைகள் பாய்ந்தன' என்பதற்கும் 'குதிரைகள் பாய்ந்ததனால் கல்லெறிந்தனர்' என்பதற்கும் உள்ள வேறுபாடே இங்குள்ளது. சொற்கள் அவையே. எச்சமாக நிற்பது எது, முற்றாக நிற்பது எது என்பதே வேறுபாடு. நீதிமன்றத்திலே தொழிலாளர் விடுபட ஓராண்டு சென்றது. அன்றிரவு அச்செய்தியைப் பார்த்தவர் மனத்திலிருந்து அவர்கள் விடுபட எவ்வளவு காலம் சென்றிருக்கும் என்பதை எவரால் கணிக்க முடியும்?

இனி நமது நாட்டின் அண்மைக்கால அனுபவத்தை நோக்குவோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. 31 ஆம் திகதி இரவு மிரிஹானையில் சனாதிபதியின் இல்லத்துக்கு முன்னே மக்கள் திரண்டனர். சனாதிபதி ஊடகப் பிரிவின் அறிக்கை அதனைத் தீவிரவாதக் குழுவொன்றின் செயலாகவும் 'அரபு வசந்தம்' ஒன்றை உருவாக்கும் முயற்சியாகவும் வருணித்தது. எரிந்த பஸ்ஸின் படம் எங்கும் வெளிவந்தது. பழைய சட்டகம் ஆயத்தமாகவே இருந்தது. ஆயினும் இம்முறை அது நிலைக்கவில்லை. ஏப்பிரல் 9 ஆம் திகதி காலிமுகத்திடலில் மக்கள் கூடாரமிட்டபோது, தனியார் ஊடகங்களிற் பல அவர்களது பேச்சையே செய்தியாக்கின. கூடாரத்து நூலகமும் மேடைப் பாடலும் பதாகை வாசகங்களும் படமெடுக்கப்பட்டன.

காரணம் ஊடகங்கள் திடீரென நீதி உணர்வு பெற்றமையன்று. செய்தி எழுதியவரும் வாசித்தவரும் அதே எரிவாயு வரிசையில் நின்றவர்கள். 2019 இன் வரிக்குறைப்பு, 2021 இன் இரசாயன உர இறக்குமதித் தடை, 2022 ஏப்பிரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை நிறுத்திய அறிவிப்பு ஆகியவற்றின் விளைவு ஒவ்வொரு வீட்டின் அடுப்படியிலும் தெரிந்தது. போராட்டத்தின் பயன் என்ன என்பதை எவரும் வாசகருக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. வாசகரின் வயிற்றிலே நோக்கம் தெரிந்தபோது, வாக்கியத்திலும் நோக்கம் தோன்றிற்று. இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகின்றது. போராட்டத்தை அதன் காரணத்தோடு எழுதும் ஆற்றல் நமது பத்திரிகைகளுக்கு உண்டு. யாருடைய காரணம் அவற்றுக்குக் காரணமாகத் தோன்றுகின்றது என்பதே வினா.

இந்த ஆற்றலும் நெடுநாள் நீடிக்கவில்லை. மே 9 ஆம் திகதி அலரி மாளிகையிலிருந்து புறப்பட்ட ஆதரவாளர் காலிமுகத்திடலில் இருந்தோரைத் தாக்கினர். செய்திகள் பலவற்றில் இது 'இரு தரப்பு மோதல்' ஆயிற்று. தாக்குதல் என்ற சொல்லுக்குத் தாக்கியவர் வேண்டும். மோதல் என்ற சொல்லுக்கு எவரும் வேண்டியதில்லை. யூலை 9 ஆம் திகதி சனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தபோது, நீச்சற் குளத்தில் அவர்கள் குளித்த படம் உலகெங்கும் பரவியது. அங்கே கண்டெடுத்த 1 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாவை எண்ணிப் பொலிசாரிடம் ஒப்படைத்தமை செய்தியாக வந்ததாயினும், நினைவிலே நிலைத்தது நீச்சற் குளமே. யூலை 22 ஆம் திகதி விடியுமுன் படையினர் கூடாரங்களைத் தகர்த்தபோது போராட்டக்காரர் பழையபடி சட்டவிரோதக் கும்பலாயினர். வரிசைகள் குறையத் தொடங்கியதும் வாக்கியங்களும் பழைய நிலைக்கு மீண்டன.

இவ்விடத்து நம்மவர் பத்திரிகைகளையும் நாம் விலக்கிவிடலாகாது. மலையகத் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளமாக 1,000 ரூபா கோரிப் பல ஆண்டுகள் போராடினர். 2018 டிசெம்பரில் வேலைநிறுத்தமும் செய்தனர். 2021 மார்ச்சிலே அத்தொகை வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. இப்போராட்டத்தைத் தென்னிலங்கைப் பத்திரிகைகள் ஏற்றுமதி வருவாய்க்கு நேரும் நட்டமாகக் கணக்கிட்டன. தமிழ்ப் பத்திரிகைகளோ அதனைத் தொழிற்சங்கத் தலைவர்களின் அறிக்கைப் போராகவே பெரிதும் எழுதின. எந்தத் தலைவர் எவரைச் சாடினார் என்பது தலைப்பாயிற்று. காலையிலிருந்து மாலைவரை மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண், அன்றைய சம்பளத்தில் மாவும் சீனியும் வாங்கியபின் எஞ்சுவது எவ்வளவு என்று தன் வாயாற் கூற இடம் கிடைத்த செய்திகள் அரியவை. அங்கே எழுவாய் மறையவில்லை, மாறிவிட்டது. தொழிலாளியின் வினைக்குத் தலைவர் எழுவாயானார்.

மற்றொரு சட்டகம் அசௌகரியம் என்பது. விடுதி வசதி கோரி நாம் நடத்திய ஊர்வலமொன்றை மறுநாள் ஒரு தினசரி 'போக்குவரத்து ஸ்தம்பிதம்' என்ற தலைப்பிலே வெளியிட்டிருந்தது. போக்குவரத்து ஸ்தம்பித்தது உண்மையே. பஸ்ஸிலே காத்திருந்த பயணி ஒருவரின் பேச்சும் அதில் இருந்தது, அதுவும் நியாயமானதே. எட்டுப்பேர் ஓர் அறையில் உறங்குவதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. 'பொதுமக்கள்' என்ற சொல் இத்தகைய செய்திகளில் எவரைக் குறிக்கின்றது என்பது ஆராயற்பாலது. பஸ்ஸில் இருப்பவர் பொதுமக்கள். வீதியில் நடப்பவர் பொதுமக்கள் அல்லர். ஊர்வலம் கலைந்தபின் அதே பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போகும்போதுதான் அவர் மீண்டும் பொதுமக்களில் ஒருவராகின்றார்.

கலகம், அசௌகரியம் என்னும் இவ்விரண்டிலும் கண்டறிதற்கு அரியது மூன்றாவது சட்டகம். அது அனுதாபம். காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். அடுத்த சில நாட்களில் வவுனியாவிலும் அது தொடங்கியது. காலிமுகத்திடலிலே முதற் கூடாரம் எழுந்தபோது, அத்தாய்மார் வீதியோரத்தில் ஐந்து ஆண்டுகளைக் கழித்திருந்தனர். கொழும்பின் ஆங்கில, சிங்களப் பத்திரிகைகளில் அவர்கள் பெற்ற இடம் மிகச் சிறிது. அங்கே விடுபட்டது முழு வாக்கியமுமே.

தமிழ்ப் பத்திரிகைகள் அவர்களை மறக்கவில்லை. நூறாம் நாள், ஐந்நூறாம் நாள், ஆயிரமாம் நாள் என எண்ணி எழுதின. மகனின் படத்தை நெஞ்சோடு அணைத்து அழும் தாயின் உருவம் முதற்பக்கத்தில் வந்தது. இப்படங்களை எடுத்தவர்களின் நெஞ்சிலே கனிவு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தாய் அழுவதற்காக மாத்திரம் அங்கு வரவில்லை. படையினரிடம் சரணடைந்தோரின் பெயர்ப் பட்டியலை வெளியிடுமாறு கேட்டாள். இரகசியத் தடுப்பு முகாம்கள் பற்றிய விவரத்தைக் கேட்டாள். உள்நாட்டு ஆணைக்குழுக்கள் முன்னே பலமுறை சாட்சியம் கூறி அலுத்தபின், சர்வதேசப் பொறிமுறையைக் கேட்டாள். இவை கண்ணீரல்ல, வாதங்கள். ஆணைக்குழுவுக்கும் ஆணைக்குழுவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டத்தரணியைப்போல் விளக்கக்கூடிய தாய்மார் அங்கிருந்தனர். படத்திலே அவர்தம் கண்கள் வந்தன, வாய் வரவில்லை. கலகக்காரர் என்று எழுதுவோர் போராடுபவரின் பகுத்தறிவை மறுக்கின்றனர். அழும் தாய் என்று மாத்திரம் எழுதுவோரும், மிக்க அன்போடு, அதனையே செய்கின்றனர்.

இதற்கு மறுப்புக் கூறப்படலாம். பத்திரிகை போராட்டக்காரரின் துண்டுப்பிரசுரம் அன்று. வன்முறை நடந்தால் அதனை எழுதாதிருக்க முடியாது என்பர். உண்மை. 2022 மே 9 இரவு அரசியல்வாதிகளின் வீடுகள் எரிக்கப்பட்டன. நிட்டம்புவவில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் உயிரிழந்தார். யூலை 9 இரவு அன்றைய பிரதமரின் வீடும் நூல்களும் எரிந்தன. இவற்றை மறைக்கும் பத்திரிகையும் பக்கச்சார்புடையதே. நாம் கோருவது போராட்டக்காரர் மீது இரக்கமன்று. எரித்தவர் யார் என்று செய்வினையில் எழுதும் பேனா, அடித்தவர் யார் என்பதையும் செய்வினையிலேயே எழுதுதல் வேண்டும் என்பதே.

இரண்டாவது மறுப்பு தொழில்முறை பற்றியது. பிரதேச நிருபர் பெரும்பாலும் செய்திக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவர். அச்சேறும் நேரம் நெருங்கும்போது, உடனே பதில் கூறுபவர் பொலிஸ் பேச்சாளரே. அவருக்குப் பதவியும் தொலைபேசியும் உண்டு. கூட்டத்திலே நிற்பவருக்குப் பேச்சாளர் இல்லை. மறுநாளும் அதே பொலிஸ் நிலையத்துக்குச் செய்தி கேட்டுப் போகவேண்டியவர் நிருபர். இதனையும் மறுப்பதற்கில்லை. தனிமனிதரின் தீய எண்ணத்தாலன்றி, செய்தி உற்பத்தியாகும் முறையினாலேயே பக்கச்சார்பு விளைகின்றது என்ற நமது கருத்தை இது வலியுறுத்தவே செய்கின்றது. ஆயின் இம்முறையை அறிந்தபின்னும் மாற்றாதிருப்போமாயின், அது தீய எண்ணத்துக்கு அதிக தூரத்தில் இல்லை.

இவ்வளவும் சொற்களைப் பற்றிய விவாதந்தானே எனச் சிலர் கருதலாம். ஒரு கூட்டம் 'கும்பல்' என்று இன்று எழுதப்பட்டால், நாளை அதன்மீது விழும் தடி அவசியமான தடியாகிவிடுகின்றது. இன்று 'பதற்றநிலை ஏற்பட்டது' என்று எழுதப்பட்டால், நாளை விசாரணையிலே பொறுப்புக் கூறவேண்டியவரைத் தேடும்போது எழுவாய் கிடைப்பதில்லை. காணாமலாக்கப்பட்டோர் என்ற சொல்லே இதற்குச் சான்று. நெடுங்காலம் 'காணாமற் போனோர்' என்றே நாம் எழுதிவந்தோம். தாமாகவே போனவர்போல அச்சொல் இருந்தது. போகவில்லை, ஆக்கப்பட்டனர் என்று வினையைத் திருத்தக் கோரியவர்கள் அவ்வுறவுகளே. வீதியோரத்தில் அமர்ந்திருந்தவர்கள் நமக்குக் கற்பித்த இலக்கணம் அது. அத்திருத்தமும் இன்னும் முழுமையாகவில்லை. ஆக்கியவர் யார் என்ற எழுவாய் இன்றும் வெறுமையாகவே உள்ளது.

நம்மிற் சிலர் நாளை பத்திரிகைக் காரியாலயங்களில் அமர்வோம். சிலர் அவற்றைப் படிக்கும் மாணவர்க்கு ஆசிரியராவோம். நாம் எழுதும் செய்தியையும் படிக்கும் செய்தியையும் எட்டு முதனிலைகளையும் கொண்டு ஒருமுறை சோதித்துப் பார்ப்பது பெரிய காரியமன்று. செய்தவர் யார்? யாருக்காக? எப்பயன் கருதி? இம்மூன்றுக்கும் இரு தரப்பிலும் விடை இருந்தால் அது செய்தி. இல்லையாயின், விடுபட்டதை நிரப்பும் கடமை நம்முடையது.